சத்தம் கொடுக்காத மூன்று நட்டுகள்

மெயின்டனன்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

என் பணி ஓய்வு விழாவில் நீங்கள் ஒரு வாழ்த்து மடல் வாசித்தீர்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையிலும் கொடுத்தீர்கள். அதில் ஆறாவது வரி இது: 'முப்பத்தோரு வருடப் பணியில் இவர் கை பட்ட ஒரு போல்ட்கூட அறுந்ததில்லை.' எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் கழுத்தில் மாலையோடு தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்த்து மடலில் யாரும் உண்மையைத் தேடுவதில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த வரி வெறும் முகத்துதி இல்லை, பொய். நான் கைவைத்த போல்ட் ஒன்று அறுந்தது. அதில் ஒருவருக்கு வலது கண் போயிற்று. கண்ணோடு வேறொன்றும் போயிருந்தது. அது எனக்கே இந்த மாதம்தான் தெரிய வந்தது.

அனுபவங்களை எழுதிக் கொடுங்கள், நோட்டீஸ் போர்டில் போடுகிறோம் என்று கேட்டீர்கள். பேரிங் மாற்றுவதும் பெல்ட் போடுவதும் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் செல்போனில் பார்த்துக்கொள்வீர்கள். நான் போல்ட்டையும் நட்டையும் எண்ணெயையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனாலும் பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொறுமைக்கும் எனக்கும் வெகு தூரம். துருப்பிடித்த நட்டைக் கண்டால் ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகி, அதில் தொங்குவேன். நட்டு வரும், அல்லது போல்ட் உடையும். முதல் வருடத்தில் நான் உடைத்ததை எல்லாம் எடைக்குப் போட்டிருந்தால் பழைய இரும்புக் கடைக்காரர் எனக்குத் தீபாவளி வேட்டி எடுத்துத் தந்திருப்பார். ஒரு நாள் தண்ணீர் மோட்டாரின் அடிப்போல்ட் ஒன்று அசையவே இல்லை. ஆத்திரத்தில் கையிலிருந்த எண்ணெயை அதன் தலையில் ஊற்றிவிட்டு நின்றபோது வேறு மெஷினுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தால், காலையில் குழாய்க்கு மசியாதது கையாலேயே கழன்றது. எனக்கு வெட்கமாகிவிட்டது. எண்ணெய் துருவுக்குள் இறங்கி வேலை செய்யும், அதுவரை நமக்குச் சும்மா இருக்கத் தெரிந்தால் போதும் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுக்க வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நான் எண்ணெய்ப் பைத்தியமானேன். மண்ணெண்ணெயையும் ஸ்பிண்டில் ஆயிலையும் கலந்து ஒரு பழைய டானிக் பாட்டிலில் ஊற்றி, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று நீங்கள் டப்பாவை அழுத்தினால் புஸ்ஸென்று அடிக்கிறதே, அந்த வேலையை என் டானிக் பாட்டில் செய்தது. அதை வைத்து எனக்கு நல்ல பேர். எந்த மூலையில் எந்த நட்டு அடம்பிடித்தாலும் "கணேசனைக் கூப்பிடு" என்பார்கள். பேர் கிடைத்தால் மனிதனுக்குத் தலை கொஞ்சம் கனக்கும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கனத்தது.

நம் ஆலையில் எண்ணெய் நுழையக் கூடாத இடம் ஒன்று உண்டு. பஞ்சு வெளுக்கும் பகுதி. காரணம் உங்களுக்கே தெரியும். மருத்துவப் பஞ்சு காயத்தின் ஈரத்தை இழுக்க வேண்டும். லேபில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் அது உடனே நனைந்து மூழ்க வேண்டும். எண்ணெய் பட்டது மிதக்கும். ஒருமுறை யாரோ ஒரு புண்ணியவான் வடை தின்றுவிட்டு, கையை அங்கிருந்த பஞ்சிலேயே துடைத்துக் குவியலில் போட்டுவிட்டார். லேபில் எடுத்த துண்டு அந்தத் துண்டாகவே அமைந்தது. கிண்ணத்தில் ஜம்மென்று மிதந்தது. அந்தக் குவியல் முழுவதும் தள்ளுபடி. அன்றிலிருந்து வெளுப்புப் பகுதிக்குள் எண்ணெய்க் குப்பியோடு யார் நுழைந்தாலும் வேலை போகும் என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டார். தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள்கூடத் தொப்பி போடாமல் உள்ளே போக முடியாது.

அந்தப் பகுதியில்தான் ரெங்கசாமி அண்ணன் இருந்தார். மம்சாபுரத்துக்காரர். பஞ்சைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் அவிக்கும் பெரிய இரும்புப் பாத்திரத்துக்கு அவர் பொறுப்பு. காகிதத்தில் அதற்கு வேறு பெயர், எங்களுக்கு அது கொப்பரை. மேலே கனத்த மூடி, மூடியைச் சுற்றிப் பன்னிரண்டு போல்ட். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர். பஞ்சை உள்ளே போட்டு மூடி, பன்னிரண்டு நட்டையும் இறுக்கி, ஆவியைத் திறந்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். மூடி தளர்வாக இருந்தால் கசியும். ஆகவே இறுக்குவதில்தான் எல்லாம் இருந்தது.

இப்போது உங்களுக்கு டார்க் ரெஞ்ச் வந்துவிட்டது. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவு வைத்தால் டக்கென்று சொல்லிவிடும். அன்று ரெங்கசாமி அண்ணனிடம் இருந்தது ஒரு ஸ்பேனரும் இரண்டு காதும். போல்ட்டின் மரையில், அதாவது அந்தப் புரியில், எண்ணெய்ப் பசை இல்லாமல் நட்டு இறுகி வரும்போது ஒரு கட்டத்தில் கிறீச்சென்று கத்தும். கத்தியதும் நிறுத்த வேண்டும். அவர் பழக்கம் அதுதான். அவருக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்களாம். வெளுப்புப் பகுதியில் ஆவி சீறும், பம்ப் இரையும், பக்கத்தில் நிற்பவன் பேசுவது நமக்குக் கேட்காது. அந்த இரைச்சலில் அவருக்கு மட்டும் நட்டின் சத்தம் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து இறுக்குவார். "நட்டு கத்தினா நிறுத்து, கத்தலேன்னா ஏன்னு கேளு" என்பார். அவர் காலத்தில் அந்த மூடி அதுவரை ஒருநாளும் கசிந்ததில்லை.

ஒரு நாள் காலையில் அவியல் முடிந்து கொப்பரை ஆறிய பிறகு மூடி திறக்கவில்லை. ஒன்பது நட்டு வந்துவிட்டது. வடக்குப் பக்கத்து ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் அசையவில்லை. அந்தப் பக்கம் ஆவிக் குழாயில் ஒரு கசிவு இருந்து, மூன்றின் மேலும் சொட்டிச் சொட்டித் துருவும் சோடாவுமாகக் கட்டியிருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசர ஆர்டர். லாரி முற்றத்தில் நிற்கிறது. இந்தப் பஞ்சை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டால்தான் கணக்குச் சரியாகும். மேனேஜர் கொப்பரைக்குப் பக்கத்திலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். "கணேசனைக் கூப்பிடு" என்றார்கள்.

நான் போனபோது ரெங்கசாமி அண்ணன் கொதிநீரை ஊற்றி ஊற்றிச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது.

"வெந்நி ஊத்திக்கிட்டே தட்டுனா வந்துரும்லே. ஒரு ரெண்டு மணி நேரம் ஆவும்" என்றார்.

"ரெண்டு மணி நேரமா?" என்றார் மேனேஜர். என்னைப் பார்த்தார்.

"நீங்க போயிச் சாப்பிட்டுட்டு வாங்கண்ணே. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அண்ணன் கேன்டீனுக்குப் போனார். மேனேஜரும் போன் வந்ததென்று ஆபீஸ் பக்கம் நகர்ந்தார். நான் சட்டைப் பையிலிருந்த டானிக் பாட்டிலை எடுத்தேன். மூன்று நட்டுக்கும் விட்டேன், தட்டினேன், காத்திருந்தேன். பதினைந்து நிமிடத்தில் மூன்றும் வந்துவிட்டன. அதோடு நிறுத்தினேனா? அடுத்த தடவையும் இந்த வம்பு வேண்டாமே என்று, மூன்று போல்ட்டின் மரையிலும் விரலால் கொஞ்சம் கிரீஸும் தடவினேன். வெளியே தெரிந்த எண்ணெயைப் பளிச்சென்று துடைத்தேன். துடைத்த துணியை என் பைக்குள் திணித்தேன். போல்ட்டுகள் மூடிக்கு வெளியே இருந்ததால் உள்ளே ஒரு சொட்டும் விழ வழியில்லை. பஞ்சுக்கு ஒரு கெடுதலும் வராமல் பார்த்துக்கொண்டேன் என்று எனக்கு அப்படி ஒரு திருப்தி. நட்டை இறுக்கப்போகிற மனிதரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அண்ணன் வந்து பார்த்தார். "எப்படிலே திறந்த?"

"தட்டினேன். வந்துருச்சு."

அவர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அவரிடம் சொல்லியிருந்தால் போல்ட்டைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவி மாட்டு என்றிருப்பார். அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். மேனேஜர் காதுக்கும் போகும். அதனால் மறைத்தேன்.

பஞ்சை எடுத்தார்கள், அடுத்த பஞ்சைப் போட்டார்கள், மூடியை இறக்கினார்கள். அண்ணன் ஸ்பேனரோடு சுற்றி வந்தார். ஒவ்வொரு நட்டும் கத்தியது. வடக்குப் பக்கம் வந்ததும் நின்றார். தலையைச் சாய்த்தார். மறுபடியும் இழுத்தார். என்னைப் பார்த்துக் கை காட்டினார். பக்கத்தில் போனேன்.

"ஏலே கணேசா, இந்த மூணும் சத்தம் குடுக்கலையேலே."

தம்பிகளா, தங்கைகளா, என் முப்பத்தோரு வருடமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர் கேட்கச் சொன்ன கேள்வியை அவரே கேட்டுவிட்டார். பதில் என் வாயில் இருந்தது. 'எண்ணெய் விட்டிருக்கேண்ணே' என்றால் முடிந்தது. மேனேஜர் நாலு அடி தள்ளி நின்றார். வேலை போகும் என்ற நோட்டீஸ் அவருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது.

"ஆவிச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காதுண்ணே" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு "இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மூன்றையும் இன்னும் ஒரு கை இழுத்தார். சத்தம் வரவில்லை. இன்னும் ஒரு கை இழுத்தார்.

இதில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்பேனரில் நாம் போடும் பலத்தில் பெரும்பகுதி உரசலிலேயே போய்விடும். மிச்சம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மரையில் எண்ணெய் இருந்தால் உரசல் குறையும். அதே இழுப்பு இழுத்தாலும் போல்ட் கூடுதலாக நீளும். கத்தவும் கத்தாது. கத்தும்வரை இழுப்பவர் கையில் அப்படி ஒரு போல்ட்டைக் கொடுப்பது, கண்ணைக் கட்டிக் கிணற்றோரம் நடக்கவிடுவது மாதிரி. இது அன்றைக்கு எனக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் எண்ணெய் விட்ட நட்டு கத்தாது என்பது நன்றாகத் தெரியும்.

மத்தியானம் அழுத்தம் ஏறி நின்ற நேரத்தில், அண்ணன் மீட்டரைப் பார்க்க வடக்குப் பக்கமாகப் போனார். ஒன்பதாம் நம்பர் போல்ட் அறுந்தது. மூடியின் அந்த ஓரம் லேசாகத் தூக்கிக்கொள்ள, கொதிக்கிற சோடாத் தண்ணீர் விசிறியடித்தது. நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். என் மேல் ஒரு துளியும் படவில்லை. அண்ணனைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், முகத்தைத் தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டே இருந்தோம். அவர் அலறவில்லை. "கொப்பரை, ஆவிய அடைலே, ஆவிய அடை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இடது கண் தப்பியது. வலது கண் தப்பவில்லை.

விசாரணை வைத்தார்கள். மேனேஜர், வெளியிலிருந்து வந்த ஓர் இன்ஜினீயர், சங்கத்திலிருந்து ஒருவர், நான், ரெங்கசாமி அண்ணன். அவர் கண்ணில் கட்டோடு வந்திருந்தார். அந்தக் கட்டுத் துணியும் பேன்டேஜ் தறிகள் ஓடும் நம் ஊரில் நெய்ததாகத்தான் இருக்கும். இன்ஜினீயர் அறுந்த போல்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அறுவதற்கு முன்னாலேயே இது நீண்டிருக்கிறது, அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள் என்றார். எண்ணெயின் தடயம் அவருக்குக் கிடைக்கவில்லை. விசிறியடித்த கொதிசோடா அதைக் கழுவிவிட்டுப் போய்விட்டது. ஏழும் எட்டும்? அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து கொண்டுவரச் சொல்லி வேலையை யாரிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள். ஃபிட்டர் நான்தானே.

"நான் அதிகமா இறுக்கல சார். எப்பவும் போலத்தான். ஆனா மூணு நட்டு சத்தம் குடுக்கல. அதுனால இன்னுங் கொஞ்சம் இழுத்தேன்" என்றார் அண்ணன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அந்த நட்டுல ஏதாவது இருந்துச்சா கணேசன்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"இவர் முன்னாடி பத்து வருஷம் ஸ்பின்னிங்ல நின்னவர். அந்த இரைச்சல்ல யாருக்குக் காது மிஞ்சும்? இவருக்குக் கேட்கல, அவ்வளவுதான்" என்று மேனேஜர் முடித்தார். கேட்கும் திறன் குறைந்ததால் அளவுக்கு மேல் இறுக்கிவிட்டார் என்று எழுதினார்கள்.

அண்ணன் எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்தார். என்னைத்தான் அவர் நம்பினார். கொப்பரைக்குப் பக்கத்தில் நான் சொன்னதும் இதுவேதானே. "அப்ப எனக்குத்தான் கேக்கலபோல" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பதினெட்டு வருடம் ஓடியது. நான் ஃபோர்மேன் ஆனேன். மெயின்டனன்ஸ் பொறுப்புக்கும் வந்தேன். யார் எந்த மரைக்கு எண்ணெய் விட்டாலும் பக்கத்தில் சிவப்புச் சீட்டுக் கட்ட வேண்டும், இறுக்குகிறவரிடம் வாயாலும் சொல்ல வேண்டும் என்று நான் உங்களைப் படுத்திய பாடு உங்களுக்கே தெரியும். 'சிவப்புச் சீட்டுச் சார்' என்று எனக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயரும் எனக்குத் தெரியும். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புத்தகத்தில் படித்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அவரை இரண்டு தடவை பார்த்தேன். அதோடு சரி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் எட்டிப் பிடிக்கிற தூரம். பஸ்ஸில் உட்கார்ந்தால் வந்துவிடும். ஒரு தடவை ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் அவர் வடம் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். தேர் பக்கத்தில் வருவதற்குள் நான் ஒரு சந்துக்குள் நுழைந்துவிட்டேன். தேருக்கு முதுகைக் காட்டிய ஆள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உங்கள் வாழ்த்து மடல் வீட்டுக்கு வந்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. மூன்றாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு மம்சாபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

வாசலில் அண்ணனின் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, நின்றார்கள். என்னை அடையாளம் தெரிந்து, "வாங்க தம்பி, எம்புட்டு வருசமாச்சு" என்று உட்காரச் சொல்லிவிட்டு, "சத்தமாப் பேசுங்க, அவியளுக்குக் காது மந்தம்" என்றார்கள். உள்ளே அண்ணன் கீழே உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மதினி அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்கள். என்னிடம் சொல்ல வேண்டியதைச் சாதாரணக் குரலில் சொன்னார்கள். விபத்துக்குப் பிறகு வேறொரு பேன்டேஜ் கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பினார்களாம். ஒரு கண் போதும், நீங்கள் நின்று சொன்னால் போதும் என்று கெஞ்சினார்களாம். இவர் போகவில்லை.

"காது கேக்காதவன் கொப்பரைப் பக்கம் நின்னா நாலு பேரு சாவான்னு சொல்லிட்டாவ. பொறவு தென்னந்தோப்புக் கூலிக்குத்தான் போனாவ. இப்ப மூணு வருசம் முன்னாடி மக வற்புறுத்தி டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா. வயசுக்கு நல்லாத்தான் கேக்குதுன்னு அவரு சொல்லுதாரு. இவிய, மிசினு தப்பாக் காட்டுதுன்னு எந்திரிச்சு வந்துட்டாவ. நாங்களும் கத்தியே பழகிட்டோம்."

நான் கண்ணுக்கு மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். இந்தக் கணக்கு என்னிடம் இல்லவே இல்லை.

மதினி காப்பி போட உள்ளே போனார்கள். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று தெரியும். சத்தம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "அண்ணே, அன்னைக்கு அந்த மூணு நட்டுக்கும் நான் எண்ணெய் விட்டிருந்தேன்" என்றேன்.

புளியைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"எந்த மூணு?" என்றார்.

"ஏழு, எட்டு, ஒம்பது."

"ஒம்பதுதான் அறுந்துச்சு."

"ஆமாண்ணே."

"எண்ணெய் விட்ட நட்டு சத்தம் குடுக்காது."

"குடுக்காதுண்ணே. தெரிஞ்சுதான் உங்களுக்குக் கேட்டிருக்காதுன்னு சொன்னேன்."

புளிக் கொட்டைகளைக் கையால் ஒதுக்கிக் குவித்தார். பிறகு என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியாது.

"அப்ப எனக்குக் காது நல்லாத்தான் இருந்துச்சா?"

உள்ளேயிருந்து மதினி, "காப்பிக்குச் சீனி போடலாமா, தம்பிக்குச் சக்கரை இருக்கான்னு கேளுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"ஏன் கத்துத? எனக்குக் கேக்குது" என்றார் அண்ணன்.

மதினி கையில் கரண்டியோடு வந்து நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அண்ணன் அவர்களைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"கண்ணு போனதை விடு. சோடாத் தண்ணிக்குப் பக்கத்துல நின்னா இது நடக்கும்னு தெரிஞ்சுதான் நின்னேன். ஆனா பதினெட்டு வருசமா நான் என்னையே நம்பாமத் திரிஞ்சேன்லே. ரோட்டைத் தாண்ட பயம். பேத்தி அழுதா எனக்குக் கேக்காமப் போயிருமோன்னு அவளைத் தனியா வச்சிக்கிட மாட்டேன். அது நீ எடுத்துக்கிட்டது."

காலில் விழப்போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

"அதெல்லாம் வேண்டாம். அங்க எனக்குக் காது கேக்கலைன்னு எழுதி வச்சிருக்கானுவல்ல, அதை மாத்து."

"அந்த மேனேஜர் இப்ப இல்லண்ணே. அந்தக் காகிதம் இருக்கோ என்னவோ."

"காகிதம் இல்லேன்னா ஆளு இருக்காவல்ல. அவியகிட்டச் சொல்லு." பிறகு வாசலைப் பார்த்துத் தலையசைத்தார். "போ."

போயிட்டு வா என்று சொல்லவில்லை. காப்பி வந்திருந்தது. குடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் குடிக்கவில்லை.

ஆபீஸில் வந்து கேட்டேன். பழைய ஃபைல்கள் எதுவும் இல்லை என்றார்கள். அதனால் அவர் சொன்ன மற்ற வழிதான் எனக்கு மிச்சம். நீங்கள்தான் இப்போது அங்கே இருக்கிற ஆட்கள். எண்ணெய் நல்லது, தாராளமாக விடுங்கள். விட்டதை இறுக்குகிறவரிடம் சொல்லுங்கள். அவர் ஏன் சத்தம் வரவில்லை என்று கேட்கும்போது உங்கள் வேலை போகும் என்றாலும் சொல்லுங்கள். வேலை போனால் இந்த ஊரில் இன்னொரு மில் இருக்கிறது.

இனி விசாரணையில் நான் சொல்லியிருக்க வேண்டியது. வெளுப்புப் பகுதிக் கொப்பரையின் ஏழு, எட்டு, ஒன்பதாம் நம்பர் போல்ட்டுகளுக்கு எண்ணெயும் கிரீஸும் போட்டவன் நான். அதை மறைத்தவனும் நான். மூன்று நட்டு சத்தம் கொடுக்கவில்லை என்று ரெங்கசாமி சொன்னது உண்மை. அவர் காதில் எந்தக் குறையும் இல்லை.

இதை போர்டில் ஒட்டிய பிறகு, உங்களில் இரண்டு பேர் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு மம்சாபுரம் போய்வர வேண்டும். நான் போக முடியாது. மிச்சமிருக்கும் கண்ணாலும் அவருக்குப் பொடி எழுத்துப் படிக்க முடியவில்லை, நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். சாதாரணக் குரலில் வாசியுங்கள், அது போதும்.